மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறுகளும் இளங்கலை மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலுள்ள ஒரு சிறிய நான்காண்டுக் கல்லூரியில் நான் வேதியியல் கற்பிக்கிறேன். அங்கே முதுகலைப் படிப்பும் இல்லை, முனைவர் பட்டப் படிப்பும் இல்லை. ஆகவே என் ஆய்வுக்குழுவில் இருப்பவர்கள் அனைவரும் இளங்கலை மாணவர்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படிக்கும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும், சில கல்லூரி ஆசிரியர்களும் திரும்பத் திரும்ப எழுதிக் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் விடை தருகிறேன்.

உங்கள் குழு எதை ஆராய்கிறது?

திண்மப் பொருள் ஒன்றின் மேற்பரப்பை ஒரு மூலக்கூறு சென்றடையும்போது என்ன நிகழ்கிறது என்பதே எங்கள் ஆய்வுப்பொருள். அது மோதித் திரும்பிவிடுகிறதா, ஒட்டிக்கொள்கிறதா, ஒட்டிய பின் உடைகிறதா, பக்கத்தில் ஒட்டியுள்ளவற்றோடு சேர்ந்து ஒழுங்காக நிற்கிறதா, எந்த வெப்பநிலையில் பரப்பை விட்டு விலகுகிறது என்றெல்லாம் அளந்து பார்க்கிறோம். பெரும்பாலும் தங்கப் பரப்பையே எடுத்துக்கொள்கிறோம். அதன்மேல் படியவிடுவது தயோல்கள், அதாவது ஒரு முனையில் கந்தகமும் அதைத் தொடர்ந்து நீண்ட கார்பன் சங்கிலியும் கொண்ட சேர்மங்கள். கந்தக முனை தங்கத்தோடு பிணைந்துகொள்ள, சங்கிலிகள் ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து வரிசையாக நிற்கும். இப்படி ஒரே ஒரு மூலக்கூறின் உயரமுள்ள அடுக்கு தானாகவே உருவாகிவிடும். 1983-இல் ரால்ஃப் நூசோவும் டேவிட் அல்லாராவும் கரிமக் கந்தகச் சேர்மங்கள் தங்கத்தின்மீது இவ்வாறு அடுக்காக அமைவதை வெளியிட்ட பிறகு, உலகின் பல ஆய்வகங்கள் இந்த அமைப்பைக் கையிலெடுத்தன. சிறிய கல்லூரிக்கு இது மிகவும் ஏற்றது. அடுக்கை உருவாக்க ஒரு கண்ணாடிக் குப்பி, எத்தனால், தங்கம் பூசிய தகடு ஆகியவை போதும். உழைப்பு முழுவதும் அதை அளப்பதில்தான் இருக்கிறது.

மேற்பரப்பில் உள்ள அணுக்கள் மட்டும் ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன?

தங்கத்தின் உட்பகுதியிலுள்ள ஓர் அணுவுக்கு 12 அண்டை அணுக்கள் உண்டு. மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட பரப்பில் இருக்கும் அணுவுக்கோ 9 மட்டுமே. குறைந்துபோன அந்த 3 பிணைப்புகளை ஈடுசெய்ய வாய்ப்புக் கிடைத்தால் அணு அதை விடுவதில்லை. அருகே வரும் மூலக்கூறு அந்த வாய்ப்பாக அமைகிறது. பரப்பில் படிக்கட்டு போல் உயரம் மாறும் இடங்களிலும் விளிம்பிலும் இருக்கும் அணுக்களுக்கு அண்டை இன்னும் குறைவு என்பதால், வினைகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள தங்கக் கனசதுரத்தில் ஏறத்தாழ 70 லட்சம் அணுக்களுக்கு ஒன்றுதான் வெளிப்புறத்தில் இருக்கும். ஆனால் 309 அணுக்களால் ஆன, 2 நானோமீட்டர் அளவுள்ள ஒழுங்கான துகளில் 162 அணுக்கள் வெளிப்புறத்தில் அமைந்துவிடுகின்றன. விலைமதிப்புள்ள பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் வாகனப் புகைக்குழாயின் வினையூக்கியில் நுண்துகளாகத் தூவி வைப்பதற்கு இதுவே காரணம்.

ஒட்டுதல் என்றால் வேதிப்பிணைப்பு என்றுதான் பொருளா?

எப்போதும் அல்ல. மூலக்கூறுகளுக்கு இடையிலான வலுக்குறைந்த ஈர்ப்பினால் மட்டும் ஒட்டியிருந்தால் அது இயற்பரப்புக் கவர்ச்சி. அதன் ஆற்றல் வழக்கமாக மோலுக்கு 40 கிலோஜூலுக்குள் அடங்கிவிடும். எலக்ட்ரான் பகிர்வு நிகழ்ந்து உண்மையான பிணைப்பு உருவானால் அது வேதிப்பரப்புக் கவர்ச்சி. பாடநூலில் இவ்விரண்டும் ஓர் அட்டவணையின் இரு பத்திகளாக நிற்கின்றன. ஆய்வகத்தில் ஒரே மூலக்கூறு முதலில் வலுவின்றி ஒட்டி, பரப்பின்மீது ஊர்ந்து சென்று, ஏற்ற இடம் கிடைத்ததும் பிணைந்துகொள்வதைக் காணலாம்.

பரப்போடு பிணையும்போது மூலக்கூறுக்குள் இருந்த பிணைப்பே அறுந்துவிடுவதும் உண்டு. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் தேவை. இரும்பின் பரப்பு அதை உடைத்து அணுக்களாக ஏந்திக்கொள்வதால்தான் அம்மோனியா தயாரிப்பும், அதன்வழி உரமும் சாத்தியமாகின்றன. அந்த உடைப்பே முழுச் செயல்முறையின் மிக மெதுவான படி என்பதை நிறுவியவர்களுள் முதன்மையானவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் எர்ட்ல். 2007-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருடைய 71-ஆம் பிறந்தநாளன்று அறிவிக்கப்பட்டது.

கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு அங்கே இருக்கிறது என்பது எப்படித் தெரியும்?

புதிய மாணவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் இதைக் கேட்பார்கள். விடையாகப் பேசுவதைவிடச் செய்துகாட்டுவதே என் வழக்கம். ஆக்டாடெக்கேன்தயோல் கரைத்த எத்தனாலில் இரவு முழுவதும் மூழ்கியிருந்த தங்கத் தகட்டை இடுக்கியால் மெல்ல வெளியே எடுத்தால், எத்தனால் தகட்டை விட்டு ஒரே வீச்சில் வழிந்து இறங்கி, தகடு ஈரமே படாததுபோல் வெளிவரும். எத்தனாலில் கழுவி, நைட்ரஜன் வாயுவால் உலர்த்தி, ஊசிக்குழலால் ஒரு துளி நீரை அதன்மேல் வைத்தால், துளி பரவாமல் உருண்டு நிற்கும். பக்கவாட்டில் வைத்த கேமராவில் சேர்கோணத்தை, அதாவது துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணத்தை, அளந்தால் 110 பாகைக்குக் குறையாது. தங்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீர் இப்போது தங்கத்தைத் தொடவில்லை, சங்கிலிகளின் மெத்தில் முனைகளையே தொடுகிறது.

அடுத்த அளவி குவார்ட்ஸ் படிக நுண்தராசு. மின்னழுத்தத்தால் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின்மேல் ஏதேனும் படிந்தால் அதிர்வெண் குறையும். எவ்வளவு படிந்தால் எவ்வளவு குறையும் என்ற தொடர்பை 1959-இல் சாவர்பிரே தந்தார். 5 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஒரு ஹெர்ட்ஸ் குறைவது சதுர சென்டிமீட்டருக்கு 17.7 நானோகிராம் படிந்ததற்குச் சமம். தங்கத்தின்மீது நெருக்கமாக நிற்கும் ஒரு தயோல் மூலக்கூறு 0.216 சதுர நானோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதிலிருந்து, முழு அடுக்கு ஒன்று அதிர்வெண்ணை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று மாணவரே தாளில் கணக்கிடலாம். ஆக்டாடெக்கேன்தயோலுக்கு விடை ஏறத்தாழ 12 ஹெர்ட்ஸ். கணக்கை முடித்த பிறகே கருவியின் பக்கம் செல்ல வேண்டும் என்பது எங்கள் குழுவில் கட்டாயம். எதிர்பார்க்கும் எண் எதுவென்று தெரியாமல் அளப்பவருக்கு, வந்த எண் சரியா என்று ஐயப்படவே தோன்றாது.

இவ்விரண்டும் அடுக்கு ஒன்று உள்ளது என்பதையும், எவ்வளவு படிந்துள்ளது என்பதையும் சொல்லும். அவை எவ்வாறு நிற்கின்றன என்பதை அறிய அகச்சிவப்பு நிறமாலை வேண்டும். சங்கிலிகள் ஒழுங்காக நீண்டு நிற்கும்போது அவற்றின் ஒரு குறிப்பிட்ட கார்பன்-ஹைட்ரஜன் அதிர்வு 2918 செ.மீ.⁻¹ அருகே தோன்றும். ஒழுங்கு குலைந்திருந்தால் அது 2924-ஐயும் தாண்டும். அந்தச் சிறு நகர்வில்தான் செய்தி இருக்கிறது. தகட்டைச் சில நிமிடங்கள் மட்டும் மூழ்கவைத்து எடுத்தால் சேர்கோணம் ஏறத்தாழ இறுதி மதிப்பை எட்டியிருக்கும்; ஒரே ஓர் அளவியை நம்புபவர் வேலை முடிந்தது என்று எழுதிவிடுவார். அகச்சிவப்பு நிறமாலையோ சங்கிலிகள் இன்னும் ஒழுங்குபடவில்லை என்று காட்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகிறது. நீர்த்துளி தொடுவது நுனியை மட்டுமே, அகச்சிவப்புக் கதிர் சங்கிலி முழுவதையும் பார்க்கிறது என்பதால் இரண்டும் பொய் சொல்லவில்லை.

தங்கம் நீரை ஈர்க்குமா, விலக்குமா?

தூய தங்கத்தின்மேல் நீர் பரவும். இது நெடுங்காலம் விவாதத்தில் இருந்த செய்தி. காரணம், தூய்மை செய்த தங்கத்தைச் சாதாரண ஆய்வகக் காற்றில் வைத்த சிறிது நேரத்திலேயே காற்றிலுள்ள கரிமச் சேர்மங்கள் அதன்மேல் படிந்து நீரை விலக்கத் தொடங்கிவிடும். அளந்தவர்களுள் பலர் தங்கத்தை அளக்கவில்லை, அதன்மேல் படிந்திருந்த அழுக்கை அளந்தார்கள்.

அப்படியானால் வெற்றிடம் கட்டாயமா?

கேள்வியைப் பொறுத்தது. ஒரு பரப்பின்மேல் வாயு மூலக்கூறுகள் மோதும் வீதம் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10⁻⁶ டார் அழுத்தத்தில், மோதும் மூலக்கூறுகள் எல்லாம் ஒட்டிக்கொள்வதாகக் கொண்டால், பரப்பு முழுவதும் மூடப்பட ஏறத்தாழ ஒரு வினாடி போதும். வளிமண்டல அழுத்தத்தில் அது நானோவினாடிக் கணக்கில் முடிந்துவிடும். 10⁻¹⁰ டாருக்கு இறங்கினால்தான் ஆய்வாளருக்கு இரண்டு, மூன்று மணி நேரம் தூய பரப்பு கிடைக்கும். தனி அணுக்கள், தனி மூலக்கூறுகள் அளவில் வினையைத் தொடர விரும்பும் ஆய்வுகள் மீயுயர் வெற்றிடத்தை நாடுவதன் காரணம் இந்த எளிய கணக்குதான். அத்தகைய எஃகுக் கலத்தை 100 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் சூடாக்கி, சுவர்களில் ஒட்டியுள்ள நீரை வெளியேற்றிய பின்பே அந்த அழுத்தம் கிட்டும்.

எங்களிடமும் அத்தகைய ஒரு சிறிய கலம் உண்டு. குளிரூட்டிய உலோகத்தின்மேல் மூலக்கூறுகளைப் படியவிட்டு, சீரான வேகத்தில் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எது விலகி வருகிறது என்பதை நிறை நிறமாலைமானியால் பதிவு செய்வதே அதில் செய்யும் முதன்மையான சோதனை. வினாடிக்கு 1 கெல்வின் வேகத்தில் சூடாக்கும்போது 300 கெல்வினில் முகடு தோன்றினால், ஒட்டியிருந்த ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 80 கிலோஜூல் என்று 1962-இல் ரெட்ஹெட் தந்த முறையால் மதிப்பிடலாம். அந்த முறைக்குள் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது: மூலக்கூறு பரப்பின்மீது வினாடிக்கு 10¹³ முறை விலக முயல்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். பெரிய மூலக்கூறுகளுக்கு இந்த எண் பொருந்தாது என்பதை மாணவர்கள் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும்.

இந்தத் துறை எப்போது தொடங்கியது?

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனுக்கு அருகிலுள்ள கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்ற, அது ஏறத்தாழ அரை ஏக்கர் பரவி அலைகளை அடக்கியதை 1774-இல் வெளியிட்டார். பருமனைப் பரப்பால் வகுத்திருந்தால் மூலக்கூறின் உயரத்தை ஒத்த ஒரு விடை, அதாவது ஓரிரு நானோமீட்டர், கிடைத்திருக்கும். அவர் அந்த வகுத்தலைச் செய்யவில்லை.

என் மாணவர்களுக்கு நான் விரிவாகச் சொல்வது ஆக்னஸ் பாக்கல்ஸின் வரலாற்றை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த அவருக்குப் பெண் என்பதால் பல்கலைக்கழகக் கல்வி கிட்டவில்லை. வீட்டைக் கவனித்துக்கொண்டே, சமையலறையில், தகரத் தொட்டி ஒன்றில் விளிம்புவரை நீர் நிரப்பி, அதன் குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, நீர்ப்பரப்பின் அழுக்கை ஒருபக்கமாக ஒதுக்கும் வழியைக் கண்டார். ஒதுக்கப்பட்ட பக்கத்தில் பரப்பு சுருங்கச் சுருங்கப் பரப்பு இழுவிசை எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார். அவர் 1891 ஜனவரியில் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு எழுதிய கடிதத்தை, ராலேயே முன்னுரை எழுதி 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். அந்தத் தொட்டியின் செம்மைப்படுத்தப்பட்ட வடிவத்தையே பின்னர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூர் பயன்படுத்தினார். அவருக்கு 1932-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்கல்ஸிடம் பட்டமும் இல்லை, நிதியும் இல்லை. ஆனால் ஒரு நீர்ப்பரப்பு அழுக்கானதா, தூயதா என்று தீர்மானிக்கும் நம்பகமான வழி இருந்தது. இத்துறையில் மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இளங்கலை மாணவர் செய்வது உண்மையான ஆய்வா, அல்லது பேராசிரியருக்குக் கைவேலையா?

நேர்மையான கேள்வி. இரண்டும் நடக்கின்றன; எது நடக்கிறது என்பது பேராசிரியர் எந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஐந்தாண்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு வகுத்த கேள்வியைத் துண்டாக்கி ஒரு துண்டை இருபது வயது மாணவரிடம் கொடுத்தால், அவர் தன் துண்டு எங்கே பொருந்துகிறது என்பதையே அறியாமல் ஒரு கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். அதைத்தான் கைவேலை என்கிறேன். மாறாக, சிறிய கேள்வியை முழுதாகக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, நீண்ட சங்கிலித் தயோலையும் குட்டைச் சங்கிலித் தயோலையும் கலந்த கரைசலில் தகட்டை மூழ்கவைத்தால், கரைசலில் உள்ள விகிதமே பரப்பிலும் வருமா? வராது என்று முன்பே தெரியும். நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று கூடுதலாக ஈர்க்கப்படுவதால் எத்தனாலிலிருந்து அவையே கூடுதலாகப் படியும். ஆனால் கரைப்பானை மாற்றினால், வெப்பநிலையை உயர்த்தினால், ஒரு முனையில் வேறு தொகுதியை வைத்தால் விகிதம் எப்படி நகரும் என்பவற்றில் இன்னும் யாரும் அளக்காத இடங்கள் உள்ளன. ஒரு மாணவர் அத்தகைய ஓரிடத்தை எடுத்துக்கொண்டு, தயாரிப்பு, அளவீடு, ஐயம், மறு அளவீடு, விளக்கம் ஆகிய அனைத்தையும் தாமே செய்ய முடியும்.

பெரிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் இதைச் சின்ன வேலை என்று கருதுவதுண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. மேற்பரப்பு வேதியியலில் ஐயத்துக்குரிய முடிவுகளுள் பல, விரைந்து பெரிய கேள்வியைத் தொட்டவர்கள் பரப்பின் தூய்மையைச் சரிபார்க்காமல் விட்டதால் வந்தவை.

முதல் பருவத்தில் மாணவர் என்ன செய்வார்?

கழுவுவார். இது வேடிக்கைக்குச் சொல்வது அல்ல. கண்ணாடிக் குப்பிகளை எப்படிக் கழுவுவது, இடுக்கியின் நுனி எதையெல்லாம் தொடக் கூடாது, கையுறையிலுள்ள நெகிழிச் சேர்மங்கள் எத்தனாலில் கரைந்து பரப்பில் ஏறுவதை எப்படித் தவிர்ப்பது ஆகியவற்றைக் கற்பார். பிறகு, விடை நன்கு தெரிந்த ஓர் அடுக்கைத் தயாரித்து, ஒரே தகட்டில் பல இடங்களிலும், வெவ்வேறு தகடுகளிலும், வெவ்வேறு நாள்களிலும் சேர்கோணத்தை அளந்து, எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பார். துளி பெருகும்போது ஒரு கோணமும் துளியை உறிஞ்சி இழுக்கும்போது வேறொரு கோணமும் வருவதைக் கண்டு திகைப்பார்; பரப்பு எவ்வளவு சீரற்றது என்பதற்கு அந்த வேறுபாடே அளவுகோல் என்று பின்னர் புரியும். சிதறல் சிறிதாகும்வரை புதிய கேள்விக்குச் செல்ல அனுமதிப்பதில்லை. சிலருக்கு இது சில வாரங்களில் கைகூடும். சிலருக்கு ஒரு பருவம் முழுவதும் ஆகும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாருக்கு எப்போது கைகூடும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கணினி வேலையில் விருப்பமுள்ளவர்களுக்கு இடமுண்டா?

உண்டு. பரப்பின்மீது மூலக்கூறு எங்கே, எந்தக் கோணத்தில் அமரும் என்பதை எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் காணும் அடர்த்திச் சார்புக் கோட்பாட்டைக் கொண்டு கணக்கிடும் மென்பொருள்கள் இன்று கல்லூரிக் கணினிகளிலும் ஓடுகின்றன. கணக்கிடும் மாணவர் ஒரு முறையாவது தம் கையால் தகடு தயாரித்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. திரையில் தெரியும் பரப்பில் படிக்கட்டும் இல்லை, குறையும் இல்லை, அழுக்கும் இல்லை.

ஆபத்து எதுவும் இல்லையா?

இருக்கிறது. கரிம அழுக்கை நீக்க உலகெங்கும் பயன்படும் பிரான்ஹா கரைசல், அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தது; எத்தனாலோ அசிட்டோனோ சிறிது பட்டாலும் வெடிக்கக்கூடியது. அதை மாணவர்கள் கையாள நான் அனுமதிப்பதில்லை. தங்கத் தகடுகளுக்குப் புற ஊதாக் கதிரும் ஓசோனும் கொண்டு தூய்மை செய்யும் சிறு பெட்டியே போதுமானது. குட்டைச் சங்கிலித் தயோல்களின் நாற்றம் கட்டடம் முழுவதும் பரவும். அவற்றை ஃப்யூம் ஹூடுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்புக்கு) வெளியே திறப்பவர் வேதியியல் துறை முழுவதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். தனியாக ஒருவர் ஆய்வகத்தில் வேதிப்பொருள்களோடு வேலை செய்யக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் மாணவரின் உழைப்பு வீணா?

வீணல்ல. அவர் மறு அளவீடு செய்திருக்கிறாரா என்பதுதான் முக்கியம். மும்முறை ஒத்துவந்த எதிர்பாராத முடிவு, ஒருமுறை மட்டும் வந்த எதிர்பார்த்த முடிவைவிட மதிப்புடையது.

ஆய்வுக் கட்டுரையில் பெயர் வருமா?

சோதனையை வகுப்பதிலோ, அளப்பதிலோ, முடிவை விளக்குவதிலோ உண்மையாகப் பங்களித்தவரின் பெயர் வரும். குழுவில் இருந்தார் என்பதற்காக மட்டும் வராது. ஒரு கட்டுரைக்குப் போதுமான தரவைச் சேர்க்க அடுத்தடுத்த ஆண்டுகளின் மாணவர்கள் பலர் தேவைப்படுவதால், அச்சில் வரும்போது முதலில் தொடங்கியவர் பட்டம் பெற்றுச் சென்றிருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, கையெழுத்துப்படியைக் காட்டி, ஒப்புதல் வாங்குவது என் கடமை. இதனாலேயே ஆய்வகக் குறிப்பேட்டை, அடுத்து வரும் முகம் தெரியாத ஒருவர் படித்துத் திரும்பச் செய்யக்கூடிய விதத்தில் எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இதற்கெல்லாம் நிதி எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் இளங்கலை ஆய்வுக்கென்றே வழிகள் உள்ளன. தனியார் கலை அறிவியல் கல்லூரிகளின் வேதியியலாளர்கள் சிலர் 1978-இல் தொடங்கிய இளங்கலை ஆய்வு மன்றம் இன்று எல்லாத் துறைகளுக்குமாக விரிந்துள்ளது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987 முதல் இளங்கலை மாணவர்களுக்கான கோடைக்கால ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. இளங்கலைக் கல்லூரிகளின் ஆசிரியர்களுக்குத் தனி ஆய்வு நிதியும் வழங்குகிறது. அமெரிக்க வேதியியல் சங்கம் நிர்வகிக்கும் பெட்ரோலிய ஆய்வு நிதியிலும், முனைவர் பட்டம் வழங்காத துறைகளுக்கென ஒரு பிரிவு உண்டு. கோடையில் முழுநேரம் உழைக்கும் மாணவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் கோடையில் சம்பாதித்தே ஆகவேண்டிய வீட்டுப் பிள்ளைகள் ஆய்வுக்கு வரவே மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கோடைக்கு உங்கள் ஆய்வகத்துக்கு வரலாமா?

வர இயலாது, இடங்கள் எங்கள் கல்லூரி மாணவர்களுக்கே போதவில்லை. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கோடைத் திட்டத்தின் உதவித்தொகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியது. இந்தியாவில் படிப்பவர்கள் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து வழங்கும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ஆய்வுத் திட்டங்களுக்குச் சிறு நிதி தருகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும், சென்னை ஐஐடியிலுள்ள தேசிய வினையூக்க ஆய்வு மையமும் மேற்பரப்பு வேதியியலோடு நேரடித் தொடர்புடையவை. அருகிலேயே இருப்பவற்றை விட்டுவிட்டு எனக்கு எழுதுபவர்கள்தாம் மிகுதி.

எங்கள் கல்லூரியில் தராசும் பியூரெட்டும்தான் உள்ளன. என்ன செய்ய முடியும்?

நிறைய. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் செய்முறை வகுப்புகளில் அசிட்டிக் அமிலத்தைக் கிளர்வூட்டப்பட்ட கரியின்மீது படியவிட்டு, எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும் சோதனை பல காலமாக இருக்கிறது. ஒரு பிற்பகலில் முடித்து, ஒரு நேர்கோடு வரைந்து, மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்துவிடும் அந்தச் சோதனைக்குள் ஓராண்டுக்கான ஆய்வு இருக்கிறது. குலுக்கும் நேரத்தை மாற்றி, சமநிலை எப்போது வருகிறது என்று முதலில் காணுங்கள். வடிதாளும் அமிலத்தைக் கவர்ந்துகொள்வதால் வடிநீரின் முதல் பகுதியைக் கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் எவ்வளவு பிழை வருகிறது என்று அளந்தே பாருங்கள். கரியே சேர்க்காத குப்பி ஒன்றையும், அமிலமே சேர்க்காத குப்பி ஒன்றையும் உடன் வையுங்கள்.

பிறகு ஃபார்மிக், அசிட்டிக், புரோப்பியோனிக் அமிலங்களை ஒப்பிடுங்கள். நீர்க்கரைசலிலிருந்து கரியின்மீது சங்கிலி நீள நீளக் கவர்ச்சி கூடும் என்பது டிராபே விதி. கரிக்குப் பதிலாகச் சிலிக்காவையும், நீருக்குப் பதிலாக முனைவற்ற கரைப்பானையும் எடுத்துக்கொண்டால் வரிசை தலைகீழாகும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, கடையில் வாங்கிய கரி, வெவ்வேறு வெப்பநிலைகளில் சூடாக்கிய கரி ஆகியவற்றில் இந்த வரிசை எந்த அளவுக்கு நிலைக்கிறது என்பது பியூரெட்டால் விடை காணக்கூடிய கேள்விதான்.

தாவரச் சாறு கொண்டு இரும்பு அரிமானத்தைத் தடுக்கும் ஆய்வைச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் இன்று அது எழுதப்படும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. அமிலத்தில் எஃகுத் துண்டை மூழ்கவைத்து, ஏதேனும் ஓர் இலையின் சாற்றைச் சேர்த்து, எடைக்குறைவை அளந்து, அதிலிருந்து பரப்பு எந்த அளவு மூடப்பட்டது என்று கணக்கிட்டு, செறிவை மூடப்பட்ட பங்கால் வகுத்து, அதைச் செறிவுக்கு எதிராக வரைந்து, நேர்கோடு வந்தது, எனவே லாங்மியூர் சமவெப்பக் கோட்டின்படி (மாறா வெப்பநிலையில் செறிவு கூடக்கூடப் பரப்பு ஒரே அடுக்காக நிரம்புவதைக் காட்டும் கோடு) பரப்புக் கவர்ச்சி நிகழ்கிறது என்று முடிப்பார்கள். இந்த நேர்கோடு எதையும் நிறுவுவதில்லை. மூடப்பட்ட பங்கு 0.7 முதல் 0.95 வரைதான் மாறுகிறது என்றால், இரு அச்சுகளிலும் இருப்பது ஏறத்தாழ அதே செறிவுதான். ஒன்றை அதனோடேயே வரைந்தால் நேர்கோடு வராமல் என்ன வரும்? ஒட்டுறவுக் கெழு 0.99 என்று கிடைப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மூடப்பட்ட பங்கை நேரடியாகச் செறிவுக்கு எதிராக வரைந்து, வளைகோட்டைப் பொருத்தி, எச்சங்கள், அதாவது புள்ளிகளுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள வேறுபாடுகள், எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பாருங்கள்; மிகக் குறைந்த செறிவுகளிலும் அளவிடுங்கள்.

இன்னொன்று. சாற்றில் பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன. அதற்கென ஒரே மோலார் நிறை கிடையாது. அப்படியிருக்கக் கட்டிலா ஆற்றலை மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று இரண்டு தசம இடம்வரை எழுதி, அதைக் கொண்டு வேதிப்பரப்புக் கவர்ச்சியா, இயற்பரப்புக் கவர்ச்சியா என்று தீர்ப்பளிப்பது முறையல்ல. சாற்றிலுள்ள ஒரே ஒரு தூய சேர்மத்தை வாங்கி, அதை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு, தலைப்பில் கவர்ச்சி குறைவாக இருந்தாலும், பயனுள்ளது.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பெற்றோர் கேட்பது, கேட்கவும் வேண்டும். மேற்பரப்பு வேதியியல் என்ற பெயரில் பணியிடம் அரிதாகவே அறிவிக்கப்படும். ஆனால் சிப் உற்பத்தியில் வாயு மூலக்கூறுகளைக் கொண்டு ஒவ்வோர் அணு அடுக்காகப் படியவைக்கும் முறை இன்றியமையாததாகிவிட்டது; மின்கலங்கள் செயலிழப்பது பெரும்பாலும் மின்முனையும் மின்பகுளியும் சந்திக்கும் பரப்பில்; வினையூக்கிகள், வண்ணப்பூச்சுகள், மருத்துவ உள்வைப்புகள் எல்லாவற்றிலும் இதே கேள்விகள்தாம். எங்கள் மாணவர்களுள் சிலர் முனைவர் பட்டத்துக்குச் செல்கிறார்கள். சிலர் தொழிற்சாலை ஆய்வகங்களுக்கும், பள்ளி ஆசிரியர் பணிக்கும், மருத்துவப் படிப்புக்கும் செல்கிறார்கள்.

எங்கள் தரவை அனுப்பினால் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். வரைபடத்தை மட்டும் அனுப்ப வேண்டாம். பியூரெட்டின் தொடக்க, இறுதி அளவீடுகளை அப்படியே அனுப்புங்கள். ஒவ்வொரு செறிவிலும் குறைந்தது மூன்று தனித்தனிக் குப்பிகள் இருக்க வேண்டும். ஒரே குப்பியிலிருந்து மூன்று முறை எடுத்து அளந்தவை மூன்று அளவீடுகளாகா. கரியை எங்கே வாங்கினீர்கள், எவ்வாறு உலர்த்தினீர்கள், அன்றைய அறை வெப்பநிலை என்ன, வெற்றுச் சோதனையின் மதிப்பு என்ன என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். ஒத்துவராத புள்ளிகளை நீக்கிவிடாமல் அனுப்புங்கள். நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான்.